குடும்ப மருத்துவமா, குழந்தைகளின் தொற்றுநோய் மருத்துவமா: கல்லூரிப் பணிக்கு வர நினைக்கும் இளம் மருத்துவர்களுக்கு

ஹவுஸ் சர்ஜன் முடிக்கப்போகும் தங்கை ஒருத்தி சென்ற மாதம் போன் செய்தாள். "அக்கா, எனக்குக் குழந்தைகளைப் பார்க்கப் பிடிக்கும். காய்ச்சல் கேஸ் வந்தால் துருவித் துருவிக் கண்டுபிடிக்கப் பிடிக்கும். ஒரே வீட்டில் பாட்டியையும் பேத்தியையும் பார்க்கவும் ஆசை. கூடவே காலேஜில் பாடம் எடுக்கணும். எந்த சீட் எடுக்கிறது?"

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்துத் தொற்றுநோய்ப் பக்கம் வந்தவள். குடும்ப மருத்துவத் துறை நண்பர்களோடு பல வருடம் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறேன். எம்.பி.பி.எஸ். படிப்பவர்கள், நீட் பி.ஜி.க்குத் தயாராகிறவர்கள், பி.ஜி. முதல் வருடத்தில் மூச்சுத் திணறுகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கதவு எங்கே திறக்கிறது

இந்த இரண்டு துறைகளும் ஒரே குழந்தையின் காய்ச்சலில் சந்தித்துக்கொள்ளும். படிப்பில் சந்திக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சீட் எடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குடும்ப மருத்துவம், எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு சேரக்கூடிய பி.ஜி. படிப்பு. தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி. பட்டத்துக்கு 3 வருடம். அதே வாரியம் நடத்தும் 2 வருட டிப்ளமோவும் உண்டு. எம்.டி. குடும்ப மருத்துவம் சில கல்லூரிகளில் மட்டுமே இருக்கிறது. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம், அவசர சிகிச்சை என்று ஒவ்வொரு வார்டாகச் சுற்றி வருவீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) நடத்தும் தொலைதூரக் குடும்ப மருத்துவப் படிப்பு, கிராமத்தில் பிராக்டிஸ் செய்கிறவர்களுக்கு மிக நல்ல படிப்பு. ஆனால் கல்லூரி ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால் அது போதாது.

குழந்தைகளின் தொற்றுநோய் மருத்துவத்துக்கு அடிப்படை குழந்தை மருத்துவப் பட்டம். முதலில் அதில் எம்.டி. அல்லது டி.என்.பி., 3 வருடம். பிறகு இரண்டு வழி. ஒன்று, எம்.டி.க்கு மேற்பட்ட சிறப்புப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். எழுதித் தொற்றுநோய் மருத்துவத்தில் டி.எம்., இன்னும் 3 வருடம். அங்கே பெரியவர்களின் நோய்களையும் படித்தாக வேண்டும். இன்னொன்று, குழந்தைகளுக்கென்றே உள்ள ஃபெலோஷிப். இந்தியக் குழந்தை மருத்துவர் அமைப்பான ஐ.ஏ.பி.யும் சில பெரிய மருத்துவமனைகளும் இதை நடத்துகின்றன. டி.எம். அளவுக்கு நீளாது.

பயிற்சி வருடத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். குடும்ப மருத்துவராக எட்டரை வருடம், டி.எம். வரை போனால் பதினொன்றரை வருடம். நடுவில் கட்டாயப் பணிக்கான பாண்ட் காலம், நீட்டுக்குப் படிக்கும் வருடம், கல்யாணம், குழந்தை எல்லாம் வரும். வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். குறிப்பாகப் பெண்கள். "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே?" என்ற கேள்வி எப்படியும் வரும். எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லிவைத்தால் வீட்டாரும் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்ள முடியும்.

எந்தப் பட்டம் எந்த டி.எம்.முக்குத் தகுதி என்ற பட்டியல் நீட் எஸ்.எஸ். தகவல் கையேட்டில் ஒவ்வொரு முறையும் வரும். அதை நீங்களே திறந்து வாசியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை நம்பி வருடத்தை இழக்காதீர்கள்.

அடுத்து, வேலையை நேரில் போய்ப் பாருங்கள்

துறையின் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டு வாரம் ஒரு குடும்ப மருத்துவரின் ஓபியில் உட்காருங்கள். இரண்டு வாரம் ஒரு பெரிய குழந்தைகள் மருத்துவமனையின் காய்ச்சல் வார்டில் ரவுண்ட்ஸ் போங்கள். சென்னையில் இருந்தால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர்ப் பக்கம் இருந்தால் சி.எம்.சி. அங்கே 1982-ல் ஏழை நகரவாசிகளுக்காகத் தொடங்கிய குறைந்த செலவு சிகிச்சைப் பிரிவு, குடும்ப மருத்துவம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம்.

என்ன வித்தியாசம் தெரியும்? குடும்ப மருத்துவர் காய்ச்சலை முதல் நாளில் பார்க்கிறார். தொற்றுநோய் நிபுணர் எட்டாம் நாளில் பார்க்கிறார். முதல் நாள் காய்ச்சலில் எந்த அடையாளமும் இருக்காது. அந்த வரிசையில் நிற்கும் ஐம்பது குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வைரஸ் காய்ச்சல், தானாகவே சரியாகிவிடும். ஆபத்தான அந்த ஒன்றிரண்டு பேரைப் பிரித்தெடுக்க வேண்டும், மற்றவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காமல் இருக்க வேண்டும், "ஒண்ணும் எழுதித் தரலையா டாக்டர்?" என்று கேட்கும் அம்மாவுக்கு நம்பிக்கை வரும்படி பேசி அனுப்ப வேண்டும். எனக்குத் தெரிந்து மருத்துவத்திலேயே கடினமான வேலைகளில் இது ஒன்று. இதற்குப் போதிய மரியாதை கிடைக்காதது எனக்கு இன்றும் வருத்தம்.

எட்டாம் நாள் வேலை வேறு மாதிரி. குழந்தை ஏற்கெனவே இரண்டு மூன்று ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கும். கல்லீரல் வீங்கியிருக்கும், தட்டணுக்கள் குறைந்திருக்கும், முகம் உப்பியிருக்கும். டெங்குவா, டைபாய்டா, ஸ்க்ரப் டைபஸா? உடையைக் களைந்து அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள் என்று அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். ஸ்க்ரப் டைபஸில் சிறு பூச்சி கடித்த இடம் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கும். வலிக்காது என்பதால் குழந்தை சொல்லாது, அம்மாவும் கவனித்திருக்க மாட்டார். அது கண்ணில் பட்டுவிட்டால், மலிவான டாக்ஸிசைக்ளின் கொடுத்து ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்குவதைப் பார்க்கலாம். தவறவிட்டால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று போய்விடும். அந்தக் கறுப்புப் பொருக்கை முதல் ஓபியிலேயே தேடிப் பார்க்கும் குடும்ப மருத்துவர் ஒருவர் இருந்தால் என் வார்டுக்கு ஒரு குழந்தை குறையும். அவரும் நானும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

அந்த நான்கு வாரத்தில் எந்த நாள் முடிந்ததும் உங்களுக்குச் சோர்வு குறைவாக இருந்தது என்று கவனியுங்கள். கூட்டத்தில், பேச்சில், தெரிந்த முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் தெம்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே கேஸ் ஷீட்டோடு இரண்டு மணி நேரம் உட்காருவதில் தெம்பு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

எம்.பி.பி.எஸ். நாட்களிலேயே ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

கல்லூரி மருத்துவரை மற்ற மருத்துவரிடமிருந்து பிரிப்பது பட்டமல்ல. ஓபியில் உறுத்திய ஒரு விஷயத்தை விட்டுவிடாமல் பல வருடம் தூக்கிக்கொண்டு போகும் பழக்கம்தான்.

டாக்டர் டி. ஜேக்கப் ஜானை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை மருத்துவர். 1960களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் வைராலஜி ஆய்வகத்தைக் கட்டியெழுப்பியவர். போலியோ சொட்டு மருந்தை மூன்று முறை கொடுத்தால் போதும் என்று புத்தகங்கள் சொன்ன காலம் அது. ஆனால் மூன்று முறையும் குடித்த குழந்தைகள் கால் துவண்டு வேலூர் வார்டுக்கு வந்தார்கள். "சரியாகக் குடிக்க வைத்திருக்க மாட்டார்கள், குளிர்பதனம் கெட்டிருக்கும்" என்று கடந்துபோவது சுலபம். அவர் ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார். மருந்து சரியாக இருந்தாலும் நம் ஊர்க் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாகத்தான் உருவாகிறது என்று காட்டினார். கூடுதல் டோஸ் வேண்டும், ஊசி மருந்தும் வேண்டும் என்று பல பத்தாண்டுகள் வாதாடினார். இந்தியாவின் கடைசி காட்டு போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவான ஒரு சிறுமி. 2014 மார்ச்சில் நாட்டுக்குப் போலியோ இல்லாத சான்று கிடைத்தது. ஊசி மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேரத் தொடங்கியது 2015-ல். ஒரு வார்டில் தோன்றிய சந்தேகம் தேசத் திட்டமாக ஆக ஏறக்குறைய ஒரு ஆயுள் பிடித்தது.

உங்கள் அளவில் எப்படித் தொடங்குவது? கையடக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஓபியிலோ வார்டிலோ "இது ஏன் இப்படி?" என்று தோன்றுவதை ஒரு வரியில் எழுதுங்கள். நோயாளியின் பெயரோ அடையாளமோ அதில் இருக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே கேள்வி மூன்று நான்கு முறை வந்திருக்கும். அதுதான் உங்கள் கேள்வி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை கொடுத்துவருகிறது. எஸ்.டி.எஸ். என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாத வேலை. அறிவிப்பு வந்த பிறகு கைடு தேடி ஓடாதீர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே, பொறுமையாகத் திருத்தித் தரக்கூடிய ஆசிரியரிடம் நோட்டோடு போய் நில்லுங்கள். பெரிய பெயர் உள்ளவரை விட, அனுப்பிய வரைவை ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறவர் மேல்.

கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டம் இப்போது எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பலர் அதைக் கையெழுத்துக்காகச் செய்கிறார்கள். குடும்ப மருத்துவத்தில் ஆசை உள்ளவர்கள் அதை விடவே கூடாது. அதே வீட்டுக்கு மூன்று வருடம் போய்வந்தால், தடுப்பூசி அட்டை எங்கே வைத்திருக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் முதலில் யாரிடம் போகிறார்கள், மெடிக்கலில் என்ன வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவரும். எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித்தராது.

சீட் எடுக்கும் நாளில் கேட்க வேண்டியவை

கவுன்சலிங்கில் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே இப்போது இரண்டாம் வருடம் படிக்கும் சீனியரைப் பிடித்துக் கேளுங்கள்.

குழந்தை மருத்துவத்துக்கு: ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) இரவிலும் அனுப்ப முடியுமா? மைக்ரோபயாலஜிக்காரர்கள் வார்டுக்கு வருகிறார்களா, தாள் மட்டும் வருகிறதா? குழந்தைகளின் காசநோய், எச்.ஐ.வி. கேஸ்களை அவர்களே பின்தொடர்கிறார்களா, வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்களா? குடும்ப மருத்துவத்துக்கு: துறைக்கென்று சொந்த ஓபி இருக்கிறதா? இது மிக முக்கியம். சொந்த ஓபி இல்லாத இடத்தில் மூன்று வருடமும் மற்ற துறைகளுக்கு ஆள் பற்றாக்குறையை நிரப்பும் கையாகவே முடிந்துவிடுவீர்கள். குடும்ப மருத்துவம் படித்த ஆசிரியர் யாராவது அங்கே இருக்கிறாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

அரசு வேலையில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருடம் இருந்துவிட்டு, பணியில் உள்ளவர்களுக்கான ஒதுக்கீட்டில் பி.ஜி. படிக்க வருவதும் தமிழ்நாட்டில் நல்ல வழி. பி.எச்.சி.யில் இருந்து வந்த பி.ஜி.க்களுக்கு எது சாதாரணம், எது அவசரம் என்பது கையிலேயே பழகியிருக்கும்.

தீசிஸை ஒப்புக்கு எழுதாதீர்கள்

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலா, தன் ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன் சொன்ன தலைப்பை எடுத்துக்கொண்டார். எய்ட்ஸ் நோயின் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேட வேண்டும். இருக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவர் சேகரித்த மாதிரிகளைச் சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பதற்கான அறிகுறி வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது ஒரு பி.ஜி. மாணவியின் தீசிஸில்தான். சுனிதி சாலமன் அதற்குப் பிறகு தன் வாழ்நாள் முழுவதையும் அந்த நோயாளிகளுக்கே கொடுத்தார்.

எல்லாத் தீசிஸும் அப்படி ஆகாது. ஆனால் சின்ன, நேர்மையான கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்ல முடியும். செய்ய வேண்டிய வரிசை இது. தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி.) கட்டாயமாக்கியுள்ள அடிப்படை ஆய்வுப் பயிற்சியை முதல் வருடத்திலேயே முடியுங்கள். சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அதை இணையத்தில் நடத்துகிறது. உண்மையிலேயே நல்ல பாடம், வேகமாக ஓட்டிவிடாதீர்கள். அப்புறம் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். புள்ளியியல் ஆசிரியரிடம் போவது தரவு சேர்ப்பதற்கு முன்பு, சேர்த்த பிறகு அல்ல. எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதும்போது குழந்தைகளைப் பற்றிய விதியைக் கவனியுங்கள்: பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அதோடு 7 முதல் 12 வயது வரையுள்ள குழந்தையிடம் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவும் வாங்க வேண்டும். ஏழு வயதுக் குழந்தையிடம் "உன் கையில ஒரு தடவை கூடுதலா ரத்தம் எடுக்கலாமா, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்" என்று புரியும்படி கேட்கக் கற்றுக்கொண்டால் நீங்கள் நல்ல மருத்துவராகவும் ஆகிவிடுவீர்கள்.

படிவத்தைப் பத்துப் பேரிடம் சோதித்துப் பாருங்கள். என் தீசிஸில் நான் அதைச் செய்யவில்லை. "ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டதா: ஆம், இல்லை" என்று ஒரு கட்டம் மட்டும் வைத்திருந்தேன். நூற்றுக்கு மேல் குழந்தைகளைச் சேர்த்த பிறகுதான் புரிந்தது, எந்த மருந்து, எத்தனை நாள் என்று தெரியாமல் வளராத கல்ச்சரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மருந்துச் சீட்டுகளைத் தேடி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தேன். பாதிப் பேரிடம் சீட்டு இல்லை. அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டியதாயிற்று.

தரவு சேர்ப்பதன் அருமை தெரிய வேண்டுமானால் வேலூர்க் குடிசைப் பகுதிகளில் நடந்த ரோட்டா வைரஸ் ஆய்வைப் படியுங்கள். களப்பணியாளர்கள் வாரம் இரண்டு முறை வீடு வீடாகப் போனார்கள். 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 3 வயது வரை பின்தொடர்ந்தார்கள். 2011-ல் வெளியான முடிவு: மூன்று முறை தொற்று வந்துபோன பிறகும் மிதமான அல்லது கடுமையான வயிற்றுப்போக்கிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்ஸிகோவில் இரண்டு தொற்றே ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு தந்திருந்தது. நம் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்று யோசிக்க அந்த ஆய்வு அடித்தளம் ஆனது. அந்தக் குழுவின் மூத்த ஆய்வாளர் ககன்தீப் காங் 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், இந்தியப் பெண்களில் முதலாமவராக. வாரம் இருமுறை கதவைத் தட்டிய களப்பணியாளர்கள் இல்லாமல் அந்த எண் இல்லை. உங்கள் ஆய்விலும் தரவு சேர்ப்பவரின் பெயரை நன்றியில் எழுதுங்கள், முடிந்தால் ஆசிரியர் பட்டியலிலேயே சேருங்கள்.

தொற்றுநோய்ப் பயிற்சியில்

தினமும் காலை மைக்ரோபயாலஜி ஆய்வகத்தில் அரை மணி நேரம். கல்ச்சர் தட்டைக் கண்ணால் பாருங்கள். ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்லும் ரவுண்ட்ஸ் இந்தத் துறையின் உயிர்நாடி. அறுவை சிகிச்சை சாரிடம் "இதை நிறுத்தலாம் சார்" என்று சொல்ல ஒரு பக்குவம் வேண்டும். மற்ற துறைகளோடு சண்டை போட்டு யாரும் ஆன்டிபயாடிக்கைக் குறைத்ததில்லை. ஆன்டிபயாடிக்குகளை, முதலில் கொடுக்கக்கூடியவை, கவனமாகக் கொடுக்க வேண்டியவை, கடைசிக்கு வைக்க வேண்டியவை என்று மூன்று கூடைகளாகப் பிரித்து உலக சுகாதார அமைப்பு 2017-ல் கொண்டுவந்த அவேர் பட்டியலை மனப்பாடம் செய்துவிடுங்கள். ஓபியில் உட்காரும் குடும்ப மருத்துவருக்கும் அது வேண்டும்.

முதல் ஆசிரியர் வேலை

முதலில் சீனியர் ரெசிடென்ட் (எஸ்.ஆர்.), பிறகு உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர். எந்த நிலைக்கு எத்தனை வருடம், எத்தனை கட்டுரை, டி.என்.பி. படித்தவர்களுக்குக் கூடுதலாக என்ன வேண்டும் என்ற என்.எம்.சி. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் வருடத்தின் அறிவிப்பை வாசியுங்கள். குடும்ப மருத்துவத்துக்குத் தனித் துறை உள்ள கல்லூரிகள் இன்னும் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. வேலைக்காக ஊர் மாற வேண்டியிருக்கலாம். அதனால் 2010-ல் தொடங்கிய இந்தியக் குடும்ப மருத்துவர் அகாடமியில் படிக்கும்போதே சேர்ந்துவிடுங்கள். காலியிடச் செய்தி பெரும்பாலும் அங்கேதான் முதலில் காதில் விழும்.

சம்பளம் தனியார் பிராக்டிஸை விடக் குறைவு. வாரத்தில் அரை நாளை ஆய்வுக்கென்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு முதல் டெங்கு சீசனிலேயே காணாமல் போய்விடும். சில வருட அனுபவம் வந்ததும் ஆய்வு நிதி தரும் இந்தியா அலையன்ஸ் அமைப்பின், மருத்துவர்களுக்கென்றே உள்ள ஃபெலோஷிப்புக்கு எழுதிப் பாருங்கள். கிடைத்தால் ஆய்வுக்கான நேரமும் சேர்ந்து கிடைக்கும். முதல் முறை கிடைக்காவிட்டால் மதிப்பீட்டாளர் குறிப்புகளை வைத்துத் திருத்தி மறுபடி அனுப்புங்கள்.

கடைசியாக, சீனியருக்கு எழுதும் கடிதம்

வார்டில் உட்கார அனுமதி கேட்டு எனக்கு நிறைய மின்னஞ்சல் வருகிறது. பெரும்பாலானவை "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் போகும். ஐந்து வரி போதும். யார், எந்த வருடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், நோட்டில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி எது, தங்க இடம் இருக்கிறதா. ஹெபடைடிஸ் பி (மஞ்சள் காமாலை) தடுப்பூசி போட்ட விவரத்தையும் சேருங்கள், வார்டில் எப்படியும் கேட்பார்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் துறை அலுவலகத்துக்கு நேரில் போங்கள், மதியம் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு.

தங்கை இன்னும் முடிவெடுக்கவில்லை. வரும் திங்கள் முதல் இரண்டு வாரம் ஒரு தாலுகா மருத்துவமனை ஓபி, அதற்கடுத்த இரண்டு வாரம் எங்கள் வார்டு. நோட்டு வாங்கிவிட்டதாகவும், முதல் பக்கத்திலேயே மூன்று கேள்வி சேர்ந்துவிட்டதாகவும் நேற்று இரவு சொன்னாள்.